திருப்பி வைக்கப்பட்ட பலகைகள்

கெய்ரோவின் பழைய நகரில், ‘பைனல் கஸ்ரைன்’ என்னும் வீதி இருக்கிறது. இரு அரண்மனைகளுக்கு நடுவே என்பது அதன் பொருள். ஃபாத்திமிய கலீஃபாக்களின் கிழக்கு, மேற்கு அரண்மனைகள் அங்கே எதிரெதிரே நின்றிருந்தன. இன்று அவ்விரண்டும் இல்லை. மேற்கு அரண்மனை நின்ற இடத்தில் மம்லூக் சுல்தான் மன்சூர் கலாவூன் ஹிஜ்ரி 683, 684ஆம் ஆண்டுகளில் (கி.பி. 1284-85) மருத்துவமனை, மத்ரஸா, தமக்கான அடக்கத்தலம் ஆகிய மூன்றையும் ஒரே வளாகமாக எழுப்பினார்.

அம்மருத்துவமனைக் கட்டடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்ப்புப் பணிகள் நடந்தபோது, சில மரப்பலகைகளின் மறுபக்கம் வெளிப்பட்டது. சுவரை நோக்கித் திரும்பியிருந்த அப்பக்கத்தில் வேட்டைக்காரர்கள், இசைக்கருவி வாசிப்போர், நடனமாடுவோர், ஒட்டகத்தோடு செல்லும் பயணிகள் எனப் பல உருவங்கள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருந்தன. ஃபாத்திமிய அரண்மனையை அலங்கரித்த பலகைகள் அவை. மம்லூக் காலத்துத் தச்சர்கள் அவற்றை எடுத்து, செதுக்கிய முகத்தை உள்ளே திருப்பி, பின்பக்கத்தை வெளிப்பக்கமாக்கிக்கொண்டார்கள். இன்று அவை கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

உருவங்கள் தகா என்பதற்காக மட்டுமே திருப்பினார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டியதில்லை. எகிப்து நல்ல மரம் விளையாத நாடு. கருவேலும் அத்தியும் பேரீச்சையும் உண்டு. நீண்டு அகன்ற பலகை வேண்டுமானால் கடல் கடந்துதான் வரவேண்டும். ஆகவே, பழைய மரம் எதுவும் அங்கே எளிதில் அடுப்புக்குப் போவதில்லை. கெய்ரோவின் மிம்பர்களிலும் கதவுகளிலும் காணப்படும் நட்சத்திரக் கோலங்கள் சிறுசிறு துண்டுகளைச் சட்டத்தின் பள்ளத்தில் செருகி அமைத்தவை. மரப் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம். வெப்பத்தில் மரம் சுருங்கி விரியும்போது சிறு துண்டு அசைய இடம் கிடைக்கிறது, அகன்ற பலகையோ பிளந்துவிடுகிறது என்பது மற்றொரு காரணம். இருநூறு ஆண்டுகள் உலர்ந்து, கோணல் மாணல் எல்லாம் முன்பே காட்டி முடித்த அரண்மனைப் பலகை அந்தத் தச்சருக்குப் புது மரத்தைவிட மேலாகவே தோன்றியிருக்கும்.

பலகை கிடைத்த விதம் குறித்து அக்காலத்து மக்கள் மௌனமாக இருக்கவில்லை. கலாவூனின் நோக்கம் உயர்ந்தது. சுல்தானாவதற்கு முன் அவர் திமிஷ்கில் கடும் வயிற்றுவலியால் அவதியுற்றபோது, நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தே அவரைக் குணப்படுத்தியது. அல்லாஹ் தமக்கு ஆட்சியளித்தால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாருக்கும் சிகிச்சை என்று வக்ஃபும் எழுதிவைத்தார். அவ்விடத்தில் இன்றளவும் ஒரு கண் மருத்துவமனை இயங்கிவருகிறது.

ஆனால் நிலம் ஐயூபியக் குடும்பத்தைச் சேர்ந்த மூனிஸா காத்தூனின் இல்லமாக இருந்தது. மாற்றாக வேறொரு மாளிகை தரப்பட்டதாயினும், குடியிருந்தோர் மனமுவந்து வெளியேறவில்லை. பளிங்கும் தூண்களும் ரவ்ளாத் தீவின் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டன. பணியை மேற்பார்த்த அமீர் சன்ஜர் அஷ்ஷுஜாயீ, வீதியில் போவோரைக்கூடக் குதிரையிலிருந்து இறக்கிக் கல் சுமக்க வைத்தார். மக்கள் அவ்வழியே செல்வதையே தவிர்த்தார்கள். 1442இல் மறைந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பேணுதல் மிக்க பலர் அங்கே தொழுவதை வெறுத்தார்கள் என்பதும் அவர் தரும் செய்தியே. அபகரித்த நிலத்தில் தொழுகை பாவத்தோடு நிறைவேறும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. நிறைவேறாது என்பது ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்து. மக்ரீஸீயோ இதில் கசப்பான ஒரு கேள்வியை எழுப்புகிறார். கலாவூன் ஐயூபியரிடமிருந்து பறித்தார் என்கிறீர்களே, ஐயூபியர் அதை ஃபாத்திமியரிடமிருந்து எப்படிப் பெற்றார்கள்? அவர் பார்வையில் பறித்தவரிடமிருந்து பறித்தவர் என்ற சங்கிலி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவரது கேள்வி கூர்மையானதுதான். எனினும், முந்தியவர் செய்த அநீதி பிந்தியவரின் அநீதிக்கு எவ்வாறு சான்றிதழாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வொன்று நம் சீறா நூல்களில் இருக்கிறது. அதுவும் பழைய மரத்தைப் பற்றியதே. நபித்துவத்துக்கு ஐந்தாண்டுகள் முன்பு, நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயது நடந்தபோது, குறைஷிகள் கஅபாவைப் புதுப்பிக்க முனைந்தார்கள். அதுவரை அதற்குக் கூரை இல்லை. மக்காவில் கூரைக்கேற்ற மரமும் இல்லை. அச்சமயம் ரோமர்களின் கப்பல் ஒன்று செங்கடற்கரையில் ஒதுங்கி உடைந்தது. குறைஷிகள் அதன் மரங்களை விலைகொடுத்து வாங்கினார்கள். அக்கப்பலோடு வந்த பாகூம் என்ற தச்சரே கூரைப் பணியைச் செய்ததாக அறிவிப்புகள் உள்ளன. அலைகளைத் தாங்கிய பலகைகள் இறையில்லத்தின் கூரையாயின.

இதைவிட என்னைச் சிந்திக்கவைப்பது அவர்கள் விதித்துக்கொண்ட நிபந்தனை. வட்டிப் பணமோ, விபச்சார வருவாயோ, அநீதியாகப் பறித்த பொருளோ இக்கட்டடத்தில் சேரக்கூடாது என்றார்கள். சிலை வணங்கிகளாக இருந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள். தூய பணம் போதவில்லை. கட்டடத்தின் அளவைக் குறைத்தார்கள். ஹிஜ்ர் பகுதி சுவருக்கு வெளியே நின்றது. செலவுக்குப் பணம் குறைந்ததே காரணம் என்று நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளக்கியது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஹஜ், உம்ரா சென்றவர்கள் தவாஃபின்போது அந்த அரைவட்டச் சுவரைச் சுற்றி நடந்திருப்பார்கள்.

அன்னையவர்களின் அறையிலும் ஒரு பொருள் உருமாறியது. உருவங்கள் கொண்ட திரையொன்றை அவர்கள் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்து அகற்றினார்கள். அன்னையவர்கள் அத்துணியை எறிந்துவிடவில்லை; வெட்டி ஓரிரு தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு மரப்பெட்டி காரணம். என் உம்மம்மா துணிமணி வைத்திருந்த தேக்குப்பெட்டி, அவர் வஃபாத்தான பின் மாடிப்படிக்கடியில் பச்சைச் சாயத்தோடு கிடந்தது. பிள்ளைகள் ஓதும் கிதாபுகளை வைக்க அதை அலமாரியாக மாற்றலாம் என எண்ணினேன். உளி பிடித்தறியாதவன் நான். சாயத்தைச் சுரண்ட உப்புத்தாளைக் கையில் எடுத்த பிறகே கேள்வி எழுந்தது: இது யாருடையது? வீடும் நகையும் முறைப்படி பங்கிடப்பட்டன. பெட்டி, உரல், பாய், செம்பு ஆகியவற்றை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் இருப்பவருக்கே அவை என்று விட்டுவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். மீராஸ் சட்டமோ பெட்டிக்கும் வீட்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை. இறந்தவர் விட்டுச்சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் பங்குண்டு என்கிறது குர்ஆன்.

உம்மாவின் உடன்பிறந்தவர்கள் மூவர். பெரியம்மா, “தாராளமா எடுத்துக்க வாப்பா” என்றார். மலேசியாவிலிருந்த மாமா சிரித்தார். சாச்சி மட்டும் தொலைபேசியில் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “பூட்டையும் சாவியையும் எனக்குக் கொடுத்துடு” என்றார். கேளாமலிருந்திருந்தால் அந்தப் பூட்டு அவருக்கு எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரிந்திருக்காது.

புதியவனாகச் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூள் மூச்சில் சேரும். முகமூடி அணிந்து, ஈரப்படுத்தி, பிள்ளைகளை அப்பால் அனுப்பித் தேய்க்க வேண்டும். நான் முதல் நாள் அப்படிச் செய்யவில்லை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது கண்ணுக்குப் புலப்படவில்லை, எண்ணெய் பூசியதும் எல்லாம் எழுந்து நின்றன. மீண்டும் 80, 120, 220 எண் தாள்களால் வரிசையாகத் தேய்க்க நேர்ந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தேன். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே உலர்த்த வேண்டும் என்று கடைக்காரர் எச்சரித்ததால் தப்பினேன்.

கடைசியாக அடிப்பலகையைக் கழற்றினேன். சுற்றிலும் தேக்கு, அது மட்டும் வேறு மரம். தரையை நோக்கியிருந்த முகத்தில் கறுப்பு மையில் அச்சிட்ட சில ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் பாதி அழிந்து தெரிந்தன. ஏதோ சரக்குப்பெட்டியின் பலகையை அந்தத் தச்சர் திருப்பி வைத்திருக்கிறார். அதைத் தேய்க்காமல், இருந்தபடியே மாட்டிவிட்டேன்.