சிறுக்கும் குடும்பங்கள், தடுமாறும் தனியார் பள்ளிகள்

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் இருந்தால்தான் அடுத்த தலைமுறை எண்ணிக்கையில் குறையாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நம் தமிழ்நாட்டில் இது 1.8 மட்டுமே. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் பெற்றோர், அவர்களின் படிப்புக்குத் தாராளமாகச் செலவிட்டு, வசதிமிக்க பள்ளிகளைத் தேடுகின்றனர். இதில் முதலில் அடிபடுவது சிறிய நர்சரி, பிரைமரி பள்ளிகளே.

வகுப்பில் 40 பேர் இருந்தாலும் 15 பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளமும் கட்டட வாடகையும் ஒன்றுதான். கட்டணத்தை ஏற்றினால் இருக்கும் பிள்ளைகளும் விலகுவார்கள். சம்பளத்தைக் குறைத்தால் நல்ல ஆசிரியர்கள் போய்விடுவார்கள். ஆகவே, ஊருக்கு ஊர் புதுப் பள்ளி திறப்பதைவிட, அருகருகே தள்ளாடும் பள்ளிகளை ஒன்றிணைத்து ஆசிரியர்களைத் தக்கவைப்பது பற்றியே நாம் இன்று சிந்திக்க வேண்டும்.