அரசு நிலவியலாளர் கல்வித் தகுதி

அரசு நிலவியலாளர் என்பவர் பாறை, கனிமம், நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராய்வதற்காக நடுவண் அரசாலோ மாநில அரசாலோ பணியமர்த்தப்படும் அறிவியலாளர் ஆவார். இந்தியாவில் இப்பணிக்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதியாகும். இளம் அறிவியல் பட்டம் மட்டும் போதாது. முனைவர் பட்டம் கட்டாயமன்று.

வரலாறு

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851 இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க கால அறிவியலாளர்களுள் ஒருவரான என்றி பிரான்சிசு பிளான்போர்டு இலண்டன் அரச சுரங்கப் பள்ளியில் பயின்றவர். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அடங்கிய பகுதியின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதிகளாக இவர் வகைப்படுத்தினார். இவ்வாய்வு 1862 இல் வெளியானது. அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் இப்பாறைகளிலிருந்தே கிடைக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தை 1940 இல் இந்நிறுவனத்தின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். இலண்டனில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1951 இல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

நடுவண் அரசுப் பணிகள்

நடுவண் அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை நடத்துகிறது. இதன் மூலம் புவியியல் ஆய்வு நிறுவனத்திற்கும் நடுவண் நிலத்தடி நீர் வாரியத்திற்கும் ஆட்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். பணிவாரியான முதுகலைப் பாடங்களுள் முதன்மையானவை:

* நிலவியலாளர்: நிலவியல், பயன்பாட்டு நிலவியல், கடல்சார் நிலவியல், கனிமத் தேடல், புவிவேதியியல்
* புவி இயற்பியலாளர்: இயற்பியல், பயன்பாட்டு இயற்பியல், புவி இயற்பியல்
* வேதியியலாளர்: வேதியியல், பயன்பாட்டு வேதியியல், பகுப்பாய்வு வேதியியல்
* நிலத்தடி நீர் நிலவியலாளர்: நிலவியல், பயன்பாட்டு நிலவியல், கடல்சார் நிலவியல், நீர்நிலவியல்

வயது வரம்பு 21 முதல் 32 வரை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குத் தளர்வு உண்டு. முதுகலை இறுதியாண்டுத் தேர்வு எழுதியோரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் தேர்ச்சிச் சான்றை உரிய காலத்திற்குள் அளித்தல் வேண்டும். 2020 முதல் தேர்வு மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. முதனிலைத் தேர்வுக்கு 400, முதன்மைத் தேர்வுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 200 என மொத்தம் 1200 மதிப்பெண்கள். மலை, காடு, சுரங்கம் எனக் களத்தில் உழைக்க வேண்டியிருப்பதால் மருத்துவத் தகுதியும் சோதிக்கப்படுகிறது.

மாநில அரசுப் பணிகள்

தமிழ்நாட்டில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் உதவி நிலவியலாளர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இதற்கும் நிலவியலில் முதுகலைப் பட்டம் தேவை. பள்ளி, இளங்கலை, முதுகலை என்னும் வரிசையில் பயின்றிருத்தலும் போதிய தமிழறிவும் கோரப்படுகின்றன.

பெயர்க் குழப்பம்

தமிழில் 'புவியியல்' என்ற சொல் இரு துறைகளையும் குறிக்கிறது. பள்ளிப் பாடமான புவியியல் ஜியாகிரபி ஆகும். அரசுத் துறைப் பெயர்களில் வரும் புவியியல் ஜியாலஜி, அதாவது நிலவியல் ஆகும். நிலவியலாளர் பணிக்கான பட்டப் பட்டியலில் ஜியாகிரபி இடம்பெறுவதில்லை. பெயரை நம்பிப் பாடம் தெரிவு செய்யும் மாணவர், ஐந்தாண்டுகள் பயின்ற பின்னரே தாம் தகுதியற்றவர் என அறிய நேரிடும். எனவே கல்லூரியில் சேருமுன் தேர்வாணைய அறிவிக்கையிலுள்ள பட்டப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை தமிழ்நாட்டில் நிலவியல் கற்பிக்கும் நிறுவனங்களுள் சில.

இவற்றையும் பார்க்கவும்

* சாத்தனூர் கல்மரப் பூங்கா
* கிரீத்தேசியக் காலம்