பனிச்சறுக்கும் பர்மா அரிசியும்

சினிமாவைப் பற்றி எழுத இந்தக் கடைக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று நம் சங்க அன்பர்கள் கேட்கலாம். கணக்குப் பார்க்கிறவன் எழுதிய வரவை மட்டும் பார்க்க மாட்டான். எழுதாமல் விட்ட பற்றையும் தேடுவான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

1942-இல் ‘ஐஸ்லாண்ட்’ என்றொரு ஹாலிவுட் படம் வந்தது. கதாநாயகி சோன்யா ஹெனி நார்வேக்காரர். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வாங்கியவர். கதை இவ்வளவுதான்: மூத்தவளுக்கு வரன் அமையாமல் இளையவளுக்குக் கல்யாணம் ஆகாது. (நம்ம வீட்டுக் கதை மாதிரியே இல்லையா!) ஊருக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் மூத்தவளிடம் மாட்டிக்கொள்கிறார். நடுநடுவே பாட்டும் சறுக்காட்டமும்.

ஊரில் நடந்தது வேறு. 1940 மே 10 அன்று பிரிட்டிஷ் படை அந்தத் தீவில் அழையாமல் இறங்கியது; 1941 ஜூலையில் அமெரிக்கப் படை வந்தது. சுமார் 1,20,000 பேர் வாழ்ந்த நாட்டில் பல்லாயிரம் அந்நியச் சிப்பாய்கள். அவர்களோடு பழகிய பெண்களை ‘நிலைமை’ என்று பொருள்படும் ஒரு சொல்லால் ஊரார் ஏசினார்கள். படத்தில் காதல், ஊரில் பழி.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். யுத்தத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாடு வந்து, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்றானது. சர்க்கார் யுத்தப் பிரசாரப் படங்களையும் எதிர்பார்த்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1945-இல் ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜப்பான் பிடித்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானிகளின் சாகசமும் காதலும் அதில் உண்டு.

அந்தப் பர்மாதான் மட்டாஞ்சேரிக்குச் சோறு போட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. அப்பா அப்போது இங்கே ஓர் அரிசி மண்டியில் கணக்குப் பையன். அவர் வைத்திருந்த பேரேட்டில் ‘ரங்கூன் வரவு’ என்ற பக்கம் அத்தோடு வெறுமையாகக் கிடக்கிறது. “பக்கம் காலின்னா ஊர் வயிறு காலின்னு அர்த்தம்டா” என்பார்.

படங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. பசித்தவனும் பயந்தவனும் இரண்டு மணி நேரம் சிரிக்க ஆசைப்படுவான், அதுவும் சரித்திரம்தான். ஆனால் படச்சுருளை வைத்துப் பேரேட்டைப் புரிந்துகொள்ள முடியாது. பேரேட்டை வைத்துப் படத்தில் விட்டுப்போனதைச் சொல்லிவிடலாம்.

அப்பா காலமான பிறகு மற்ற பேரேடுகளை நானே எடைக்குப் போட்டேன். தப்பியது இந்த ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதும் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.