காப்பித் தோட்டங்களை அழித்த மஞ்சள் பொடி



வாசலில் நட்ட மிளகாய்ச் செடி நேற்றுவரை தளதளவென்று நின்றது; இன்று பார்த்தால் கொழுந்தெல்லாம் சுருண்டு கிடக்கிறது. நம் வீடுகளில் முதலில் வரும் சொல் என்ன? “யாரோ கண் வைத்துவிட்டார்கள்.” என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். பழைய செருப்பு ஒன்றைக் கொண்டுபோய்ச் செடியருகே கட்டித் தொங்கவிடுவார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. படித்த துரைமார்களே ஒரு காலத்தில் இலை நோய்க்கு இதைவிட நல்ல காரணம் சொல்லத் தெரியாமல் நின்றார்கள். அந்தக் கதை பாடாங் மேஹாவிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் வளர்ந்த நமக்கு வேற்றுக் கதையும் அன்று.

இலங்கையின் மலைநாட்டில் அப்போது தேயிலை மிக அரிது, எங்கும் காப்பிதான். 1869-ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி; விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவிலிருந்து அந்த இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. பெர்க்கிலி என்ற பாதிரியார், காளான்களை ஆராய்வதில் வல்லவர், அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள் என்று பொருள். பெயர் வைத்ததோடு சரி, மருந்து வரவில்லை.

துரைமார்கள் மழையைக் குறை சொன்னார்கள், மண் களைத்துவிட்டது என்றார்கள், உரம் போதவில்லை என்றார்கள். காப்பி விலை நன்றாக இருந்ததால் காட்டை வெட்டி மேலும் மேலும் காப்பியே நட்டார்கள். நோய்க்கு அதுவே விருந்தாயிற்று. 1870-களின் இறுதியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல், மலைக்கு மலை ஒரே செடி.

1880-இல் அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அனுப்பியது. வயது இருபத்தைந்துதான். அவர் கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வருவதைப் பிடித்துப் பார்த்தார். ஆரஞ்சுப் பொடி ஒவ்வொன்றும் ஒரு விதை போன்றது என்பதைக் காட்டினார். காற்றில் பறந்து இலையில் விழும். ஒரு துளி நீர் கிடைத்தால் முளைக்கும். இலையின் அடியிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே உள்ளே புகும். சில வாரங்களில் அங்கிருந்து மறுபடியும் பொடி. மண்ணும் காரணமில்லை, யார் கண்ணும் காரணமில்லை. ஆனால் நோயை அடக்க அவரிடமும் வழி இல்லை. 1882-இல் ஊர் திரும்பினார்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மூன்றே ஆண்டு கழித்து, 1885-இல், பிரான்சு நாட்டில் மில்லார்தே என்பவர் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை வெளியிட்டார். போர்டோ கலவை என்று அதற்குப் பெயர். வழிப்போக்கர் திருடாதிருக்கத் திராட்சைக் கொடியில் தெளித்த கலவை, நோயையும் தடுத்ததை அவர் கவனித்திருந்தார்! அதே கலவையை இந்தியாவில் காப்பிச் செடிக்கு இன்றும் தெளிக்கிறார்கள். இலங்கைக் காப்பிக்கு அது பிந்திவிட்டது.

தோட்டங்கள் திவாலாயின. கூலி பாக்கி நின்றது. முன்பு காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். காப்பி போய்த் தேயிலை வந்தபின், கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். துரைமார் சிலர் அங்கிருந்து மலாயாவுக்கு வந்து இங்கும் காப்பி நட்டார்கள். 1890-களில் விலை விழுந்தது, ரப்பருக்கு மாறினார்கள். நம் முன்னோர் கையில் பால்வெட்டும் கத்தி வந்து சேர்ந்த வழியில் அந்தப் பொடிக்கும் ஒரு பங்கு உண்டு.

ரப்பரும் நோய்க்குத் தப்பவில்லை. 1904-லேயே சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் வெள்ளை வேர் நோய் காணப்பட்டது. காட்டு மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையைப் புதைத்து விட்டால், அந்தக் கட்டையிலிருந்து வெள்ளை நூல்கள் கிளம்பி ரப்பர் வேரைப் பிடிக்கும். கட்டை தோண்டி அள்ளிய வேலை நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது செம்பனை அடியில் தட்டுப்போல் வளரும் காளானும் அப்படிப்பட்டதுதான். அது வெளியே தெரியும்போது உள்ளே பாதி மரம் செத்திருக்கும்.

வீட்டுச் செடிக்கு வார்ட் செய்ததையே செய்யலாம்: இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது பழுப்புப் பொடி இருந்தால் அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள்; மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல், காலையில் வேரடியில் ஊற்றுங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலையில் கரி பூசியதுபோல் இருந்தால், சாற்றை உறிஞ்சும் பூச்சி மேலே எங்கோ இருக்கிறது. அதன் கழிவில்தான் கரும்பூசணம் வளரும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். மஞ்சள் திட்டுகளோடு செடியே குறுகிவிட்டால் அது நச்சுயிரி. அதற்கு மருந்தில்லை, பிடுங்கிவிடுவதே நல்லது, பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

பாட்டியின் செடியை நான் திருப்பிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்ந்தவை இலைப்பேன்கள். சவர்க்காரத் தண்ணீரை மெலிதாகக் கரைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை அடிப்பக்கமாகத் தெளித்தோம். இரண்டு வாரத்தில் புதுக் கொழுந்து வந்தது. செருப்பை மட்டும் அவர் கடைசிவரை அவிழ்க்கவில்லை.