பதிவேட்டுப் பண்டமாற்று: குடும்ப வரலாறு தேடுவோரின் உதவிமுறை

தம் ஊரிலுள்ள பழைய பதிவேடுகளை வெளியூர்க்காரருக்காகக் கூலியின்றிப் பார்த்துக் கொடுப்பதும், தம் முன்னோர் வாழ்ந்த ஊரின் பதிவேட்டை அங்குள்ள ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்வதும் குடும்ப வரலாற்று ஆய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது வேரூன்றி வளர்ந்தது. இதில் பணம் கைமாறுவதில்லை. கைமாறுவது ஒருவருடைய ஓய்வு நேரமும் உள்ளூர் அறிவும்தான். அரசர்களின் வரலாறு அல்லாமல் எளிய குடும்பங்களின் வரலாறும் எழுதப்பட்டதற்கு இந்த வழக்கம் ஒரு முக்கியக் காரணம். இதன் தோற்றம், செயல்முறை, பயன், தமிழரோடு இதற்குள்ள தொடர்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை எழுந்த விதம்

மனிதர்கள் இடம்பெயர்கிறார்கள். அவர்களைப் பற்றிய பதிவேடு எழுதப்பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் தேடல் உதவி பிறந்தது.

இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் இம்முறை 1855-இல் வந்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உயில், நிலப் பத்திரம், திருமண உரிமம் போன்றவை பெரும்பாலும் ‘கவுண்டி’ எனப்படும் வட்டார நிர்வாகத்தின் நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும். அத்தகைய கவுண்டிகள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன.

கார்ன்வால் சுரங்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் தாமிரச் சுரங்கத்துக்குப் போன தொழிலாளியின் கொள்ளுப்பேரனை எண்ணிப் பாருங்கள். அவர் மெல்பர்னில் இருக்கிறார். அவருக்கு வேண்டிய ஞானஸ்நானப் பதிவோ பூமியின் மறுகோடியில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் இருக்கிறது. ஒரே ஒரு வரியைப் பார்க்கக் கடல் கடந்து போக முடியாது. கூலிக்கு ஆய்வாளரை அமர்த்தவும் எல்லோருக்கும் வசதி இல்லை. ஆனால் அந்தச் சிற்றூருக்கு அருகில் வசிக்கும் ஒருவருக்கு அது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அவருடைய சிற்றப்பா ஒருவேளை மெல்பர்னில் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டால் இருவர் தேவையும் நிறைவேறிவிடும்.

சங்கங்களும் கடிதங்களும்

1845-இல் பாஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டது. 1849-இல் லண்டனில் வில்லியம் ஜான் தாம்ஸ் ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். ‘ஃபோக்லோர்’ என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் இவரே. ஒருவர் வினா அனுப்ப, விடை தெரிந்த மற்றொரு வாசகர் பதில் எழுதுவது அவ்விதழின் முறை. அதில் குடும்ப வரலாறு பற்றிய வினாக்களும் இடம்பெற்றன. 1911-இல் லண்டனில் வம்சாவளியியலாளர் சங்கம் அமைந்தது.

தொடக்கத்தில் இத்துறை பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பங்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறியது. பிரிட்டனில் வட்டாரந்தோறும் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் தோன்றின. 1974-இல் அவற்றுக்கு ஒரு கூட்டமைப்பு உருவானது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976-இல் நூலாகவும் 1977-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தபோது, தம் வேர்களைத் தேட முற்பட்டோர் தொகை பெருகியது.

சங்க இதழ்களில் உறுப்பினர் தேடும் குடும்பப் பெயர்கள், ஊர்கள், ஆண்டுகள் அச்சிடப்பட்டன. அதே ஊரில் இருப்பவர் அதைப் பார்த்துக் கடிதம் எழுதுவார். வினா அனுப்புகிறவர், தம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்புவது மரியாதையாகக் கருதப்பட்டது. வெளிநாட்டுக்கு எழுதும்போது, அந்த நாட்டுத் தபால்தலையாக மாற்றிக்கொள்ளத்தக்க சர்வதேச விடைக் கூப்பன் வைப்பார்கள்.

செயல்முறையும் ஒழுங்குகளும்

தேடல் உதவியை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தம்மிடமுள்ள நூல்களைப் பார்த்துச் சொல்வது. அச்சிட்ட திருமணப் பட்டியல், ஊர் வரலாறு, கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பு போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, நீதிமன்றம், நூலகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றுக்கு நேரில் சென்று பார்ப்பது. மூன்றாவது, இடுகாட்டுக்குச் சென்று கல்லறையைக் கண்டுபிடித்து, அதிலுள்ள எழுத்தைப் படியெடுப்பது அல்லது புகைப்படம் எடுப்பது.

அனுபவத்தில் சில ஒழுங்குகள் தாமாகவே உருவாயின.

வினா குறுகியதாக இருக்க வேண்டும். “ஸ்மித் குடும்பம் பற்றி எது கிடைத்தாலும் அனுப்புங்கள்” என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. “வில்லியம் ஸ்மித், 1850-க்கும் 1855-க்கும் இடையில், இன்ன கவுண்டியில் திருமணம்” என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

நேரத்துக்குக் கூலி கிடையாது. நகல் கட்டணம், தபால் செலவு, வண்டி நிறுத்தும் கட்டணம் போன்ற கைச்செலவை மட்டும் கேட்டவர் ஈடுசெய்வார்.

பதிவில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்தாமல் எழுதி, தம் கருத்தைத் தனியே குறிக்க வேண்டும். பதிவேட்டின் பெயர், தொகுதி, பக்க எண் ஆகியவற்றையும் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்க இயலாது.

கிடைக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். “1850 முதல் 1855 வரை பார்த்தேன், இப்பெயர் இல்லை” என்பதும் ஒரு விடைதான். தேடுபவர் அடுத்த ஊருக்கு நகர அது வழிகாட்டுகிறது.

உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை வெளியிடக் கூடாது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. அதே மனப்பான்மையைத் தன்னார்வலரும் கடைப்பிடித்தனர்.

கணினி வந்த பின்

1990-களில் இந்த வழக்கம் இணையத்துக்கு மாறியது. 1996-இல் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கிய ‘யு.எஸ்.ஜென்வெப்’ என்ற தன்னார்வ அமைப்பு, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற முறையில் அமெரிக்கா முழுவதும் பரவியது. யாரிடம் எந்த நூல் இருக்கிறது, யார் எதைப் பார்த்துச் சொல்வார் என்ற பட்டியல்கள் பல கவுண்டிகளில் இருந்தன.

1999-இல் ஓர் அமெரிக்கத் தம்பதியர் ‘வம்சாவளித் தேடலில் தற்செயலான அன்புச் செயல்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். மாதத்துக்கு ஒரு தேடலாவது கூலியின்றிச் செய்துதருவேன் என்று ஒப்புக்கொள்பவர் அதில் தன்னார்வலர் ஆகலாம். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். இங்கே நேரடிப் பண்டமாற்று பொதுப் பண்டமாற்றாக வளர்ந்ததைக் காண்கிறோம். நான் உதவியவர் எனக்கே திருப்பி உதவ வேண்டும் என்பதில்லை. நான் ஒருவருக்குச் செய்தால், வேறு எங்கோ ஒருவர் எனக்குச் செய்வார்.

பிரிட்டனில் 1998-இல் தோன்றிய ‘ஃப்ரீ பி.எம்.டி.’ திட்டம், 1837 முதலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணையைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக்கியது. ஒருவருக்காக ஒரு வரி பார்த்துக் கொடுத்தவர்கள், எல்லோருக்காகவும் எல்லா வரிகளையும் எழுதிவைக்கத் தொடங்கினார்கள்.

எரிந்துபோன ஏடுகள்

உள்ளூர்த் தன்னார்வலரின் அருமை, மைய ஆவணங்கள் அழிந்த இடங்களில்தான் முழுமையாகத் தெரியும். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அமெரிக்க வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடுகள் கடுமையாகச் சேதமுற்றன. மிஞ்சியவற்றில் பெரும்பகுதியும் பின்னர் அழிக்கப்பட்டது. இதனால் 1880-க்கும் 1900-க்கும் இடையில் இருபது ஆண்டு இடைவெளி விழுந்தது. அயர்லாந்தில் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாயின.

அங்கெல்லாம் தேடுபவருக்கு எஞ்சியவை வரிப் பட்டியல், நில மதிப்பீட்டு ஏடு, பங்குக் கோயில் பதிவேடு, உள்ளூர்ச் செய்தித்தாள், கல்லறைக் கல் ஆகியவையே. எந்தப் பதிவேடு எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்கே தெரியும்.

பெயர் மறுக்கப்பட்டவர்கள்

ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் தேடலில் இவ்வுதவி வெறும் வசதி என்ற அளவைத் தாண்டிவிடுகிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் அனைவரும் பெயரோடு பதியப்பட்டனர். ஆகவே 1870-க்கு முன்னால் செல்ல முற்படும் எவரும் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்.

அந்தச் சுவரில் உள்ள வாசல், கவுண்டி நீதிமன்றத்தில் இருக்கிறது. உடைமையாளரின் உயிலிலும், சொத்துக் கணக்கிலும், விற்பனைப் பத்திரத்திலும் அடிமைகள் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறார்கள். மாடு, கலப்பை, கட்டில் ஆகியவற்றோடு மனிதரின் பெயரும் விலையும் ஒரே பட்டியலில் இருக்கும். அடிமையை உடைமையாக நடத்தியதே அந்தப் பதிவுக்குக் காரணம். எனினும் தன் முன்னோரின் பெயரை அறிய அவர் வழித்தோன்றலுக்குக் கிடைக்கும் ஒரே ஏடு அதுவாக இருக்கலாம். அடிமை உடைமையாளர் குடும்பத்தின் வழிவந்தவர், தம் வீட்டிலுள்ள பழைய கணக்கேட்டைப் பார்த்து அந்தப் பெயரைத் தருவதும் உண்டு. அந்த உதவிக்கு ஒரு கடன் தீர்க்கும் தன்மையும் இருக்கிறது.

விடுதலை பெற்றோருக்காக 1865-இல் அமெரிக்க அரசு அமைத்த துறையின் ஆவணங்களுக்கு அட்டவணை தயாரிக்கும் பணி 2016-இல் நிறைவுற்றது. 25,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பெயர்களைப் படியெடுத்தனர்.

தமிழரோடு உள்ள தொடர்பு

தமிழகத்துக்கும் இதில் நேரடி இடம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் ஆகியவையும் எழுதப்பட்டன. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறது.

இன்று டர்பனில் இருக்கும் ஒரு பேத்தியின் கையில் அப்பட்டியலின் ஒரு வரி இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் பொருத்துவது எளிதன்று. ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஜில்லாவும் மாறிவிட்டது. பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்று இருந்தால், அது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பகுதியான வேலூர் 2019-இல் மீண்டும் மூன்றானது. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கோவெண்டர்’ என்றும், முதலி ‘மூட்லி’ என்றும் குடும்பப் பெயராகிவிட்டன. நம்மிடமோ குடும்பப் பெயர் வழக்கமே பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. ஆகவே மேல்நாட்டு முறையில் குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் பயனில்லை. ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். குலதெய்வத்தின் பெயர் வழிவழியாக நினைவிலிருந்தால் அதுவும் நல்ல துப்பு.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வல்லவர் அந்தந்த வட்டாரத்தில் வாழ்பவரே. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள், பங்குக் கோயில்களின் ஞானஸ்நான ஏடுகள், கோயில் திருப்பணிக் கல்வெட்டுகள் ஆகியவை நம்மிடமுள்ள வாயில்கள். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடும் ஒன்று. மாணவர் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். முன்பு கிராம அதிகாரிகளிடம் இருந்த ஏடுகளைப் பற்றிய நினைவு, முதியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டுவிட்டன.

மதிப்பீடு

இன்று கோடிக்கணக்கான பதிவுகள் கணினியில் கிடைக்கின்றன. அவற்றில் பல, சந்தா செலுத்துவோர்க்கு மட்டுமே திறக்கும். இதனால் ஒருவரையொருவர் கேட்கும் வழக்கம் குறைந்துவிட்டது. மேலே சொன்ன அமெரிக்கத் தம்பதியரின் இயக்கமும், நடத்தியவரின் உடல்நலக் குறைவால் 2011-இல் நின்றது. பின்னர் வேறு தன்னார்வலர்கள் அதே நோக்கத்தோடு பணியைத் தொடர முற்பட்டனர். நல்ல பணி ஒருவர் தோளில் மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

எனினும் படமெடுக்கப்படாத ஏடுகள் இன்னும் ஏராளம். படமெடுத்த ஏட்டிலும், மங்கிய எழுத்தைப் படிக்க அந்த ஊர்ப் பெயர்களோடு பழகிய கண் வேண்டும். மாணவர்கள் இதை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். தம் ஊரின் பழைய பெயர்கள், அது இருந்த தாலுகா, அருகிலுள்ள பழைய பள்ளி, தேவாலயம், பள்ளிவாசல், கோயில் ஆகியவற்றின் ஏடுகள் எங்கே உள்ளன, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவைத்தால் போதும். கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் என்றாவது அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, அந்த ஒரு பக்கம் விடையளிக்கும்.