குறட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு



நம் பிரம்மதேசம் பக்கம் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால் "நல்ல தூக்கம்" என்பார்கள். வீட்டுக்காரம்மா ஓர் இடி இடித்து, "ஒருக்களிச்சுப் படுங்க" என்பார். இந்தக் கைவைத்தியத்துக்குப் பின்னால் ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது.

மல்லாந்து படுத்தால் நாக்கும் கீழ்த்தாடையும் பின்னால் சரிந்து தொண்டை குறுகும். சிலருக்கு அது அடைத்தே போய், 10 விநாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை உலுக்கி எழுப்பும். இரவெல்லாம் இதே கதை. காலையில் அவருக்கு நினைவிருக்காது, களைப்புதான் மிச்சம். இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'.

தாடையை முன்னால் நிறுத்தும் வாய்க்கருவியை 1902லேயே பிரான்சில் பியேர் ரொபேன் என்ற பல் மருத்துவர் உருவாக்கினார். சின்னத் தாடையோடு பிறந்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைப்பதை 1923ல் எழுதியவரும் அவரே. பெரியவர்களின் நோயோ 1965ல்தான் பிடிபட்டது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குகிறவர்களின் மூச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள்.

1981ல் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் 'சிபாப்' முறையை வெளியிட்டார். சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற உளவியல் அம்மையார், 1982ல் சாமெல்சனுடன் சேர்ந்து, நாக்கை முன்னால் பிடித்து வைக்கும் கருவியைப் பற்றி எழுதினார். 1984ல், பலருக்கு மல்லாந்து படுக்கும்போது மூச்சுத்தடை இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதைக் கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே. பனியன் முதுகில் பந்து தைத்துப் போட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கை ஒட்டிய வைத்தியம்தான். தாடைக் கருவியை அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 1995ல் லேசான நோய்க்கும், 2006ல் நடுத்தர நோய்க்கும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். நம் பிள்ளைகளில் சிலர் விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறீர்கள், சிலர் இரவில் ஈ.சி.ஆரில் லாரி ஓட்டுகிறீர்கள். பகலில் கண் செருகினால் வேலை அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்டியரிங் பிடித்தபடி கண்ணயர ஒரு நொடி போதும். ரத்த அழுத்தமும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

குறட்டை நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒருக்களித்துப் படுப்பது எல்லோருக்கும் போதாது. ஆன்லைனில் விற்கும் கிளிப்பை நம்ப வேண்டாம். முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை. பிறகு டாக்டர் சொன்னால், பல் மருத்துவரிடம் அளவெடுத்த கருவி.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. இன்றிரவு கொஞ்சம் கவனியுங்கள்.

நலமுடன் வாழ்க.