இந்தியாவில் அரசு மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கம்

இந்தியாவில் அரசு மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கம் என்பது, அரசின் செலவிலோ அரசின் ஏற்பாட்டிலோ கிடைக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கூடுதலான மக்களுக்கும் கூடுதலான சேவைகளுக்கும் எவ்வாறு கொண்டு செல்வது என்பது குறித்த கொள்கை விவாதம் ஆகும். யாரைச் சேர்ப்பது, எந்தச் சிகிச்சையைச் சேர்ப்பது, பணத்தை எவ்வழியில் செலவிடுவது ஆகிய மூன்று கேள்விகளே இவ்விவாதத்தின் மையம். ஒன்றுக்குத் தரும் விடை மற்ற இரண்டையும் பாதிக்கும் என்பதால் இவற்றைத் தனித்தனியே தீர்க்க இயலாது.

பின்னணி

இந்தியாவில் மருத்துவச் செலவின் பெரும்பகுதியை நோயாளியின் குடும்பமே நேரடியாகச் செலுத்தி வந்துள்ளது. தேசிய நலவாழ்வுக் கணக்கறிக்கைகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து தந்த பங்கு 2013-14 இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22 இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இதே காலத்தில் அரசின் மருத்துவச் செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.15 விழுக்காட்டில் இருந்து 1.84 விழுக்காடாக உயர்ந்தது. 2025 ஆம் ஆண்டுக்குள் இதை 2.5 விழுக்காடாக்குவது 2017 ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையின் இலக்காக இருந்தது.

கையிலிருந்து செலவிடுதல் என்பது நடைமுறையில் சேமிப்பைக் கரைத்தல், நகையை அடகு வைத்தல், வட்டிக்குக் கடன் வாங்குதல் ஆகியவற்றையே குறிக்கும். எனவே காப்பீட்டின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவது மட்டுமன்று. நோயின் காரணமாக ஒரு குடும்பம் வறுமையில் விழாமல் தடுப்பதும் ஆகும்.

வரலாறு

* 1948: தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 இல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலுத்துவர்.
* 1954: நடுவண் அரசு ஊழியர்களுக்கான நலவாழ்வுத் திட்டம் தில்லியில் தொடங்கியது.
* 2003: கருநாடகத்தில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான உழவர்களுக்கு யசசுவினி திட்டம் நடைமுறைக்கு வந்தது.
* 2007: ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் ஆரோக்கியசிறீ திட்டம் தொடங்கியது. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவமனையிலும் அரசு பணம் செலுத்தும் முறை இதன் மூலம் பரவலாக அறியப்பட்டது.
* 2008: நடுவண் அரசின் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வழங்கியது.
* 2009: தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 இல் அதனிடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது.
* 2018: ஆயுசுமான் பாரத் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் திட்டம் இதனுடன் இணைத்துச் செயல்படுத்தப்பட்டது.
* 2024: 70 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் வருமான வேறுபாடின்றி இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர்.

யாரைச் சேர்ப்பது

பிரதம மந்திரி திட்டத்தின் பயனாளிகள் முதலில் 2011 ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து தெரிவு செய்யப்பட்டனர். அவ்வாறு தெரிவான குடும்பங்கள் ஏறத்தாழ 10.74 கோடி. கணக்கெடுப்பிற்குப் பின்னர் ஏழையானவர்களும், பட்டியலில் தவறுதலாக விடுபட்டவர்களும் வெளியே நின்றனர்.

மேல்நிலையில் உள்ளவர்கள் தனியார் காப்பீடு வாங்குகின்றனர் அல்லது நிறுவனத்தின் மூலம் பெறுகின்றனர். இவ்விரு பிரிவினருக்கும் நடுவில், எந்தக் காப்பும் இல்லாமல் ஏறத்தாழ 40 கோடி மக்கள் இருப்பதாக நிதி ஆயோக் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இவர்கள் "விடுபட்ட நடுப்பிரிவினர்" எனப்படுகின்றனர்.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் 15,000 ரூபாய் பெறும் கடைப் பணியாளர் ஒருவரின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். எனவே அவர் இவ்வரம்பைத் தாண்டி விடுகிறார். தொழிலாளர் அரசு காப்பீட்டிற்கான சம்பள வரம்பு 2017 இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதால் அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் பத்துக்கும் குறைவானோர் வேலை செய்யும் கடைகளுக்கு அது பொதுவாகக் கட்டாயமாக இருந்ததில்லை. ஒரு திட்டத்திற்கு அவரிடம் வருமானம் கூடுதல். மற்றொன்றிற்கு அவர் பணிபுரியும் கடை சிறிது.

இதற்கு முன்வைக்கப்படும் வழிகள் வருமாறு:

* வருமான வரம்பை உயர்த்துதல்: எளிய வழி. ஆனால் புதிய வரம்பிற்குச் சற்று மேலே உள்ளவர்கள் மீண்டும் விடுபடுவர். அமைப்புசாராத் தொழிலில் உள்ளோரின் வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுவதும் கடினம்.
* கட்டணம் செலுத்திச் சேர அனுமதித்தல்: இராசத்தான் அரசு 2021 இல், இலவசப் பிரிவில் இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேரலாம் என்று அறிவித்தது. இவ்வழியில், நோயுள்ளவர்கள் முதலில் சேர்வதும் உடல்நலத்துடன் இருப்பவர்கள் சேராதிருப்பதும் இயல்பு. அதனால் தலைக்கு ஆகும் செலவு உயரும், கட்டணமும் உயரும், மேலும் பலர் விலகுவர்.
* அனைவரையும் சேர்த்தல்: தகுதிச் சான்று தேவையில்லை; விடுபடுவோர் இல்லை. ஆனால் வசதியுள்ளோருக்கும் பொதுப்பணம் செலவாகும். அதற்கேற்ப வரி வருவாய் வேண்டும்.

எந்தச் சிகிச்சையைச் சேர்ப்பது

இத்திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. ஆனால் குடும்பங்களின் செலவில் புறநோயாளியாகச் செலவிடுவதே பெரும்பகுதி. அதிலும் மருந்தின் பங்கு மிகுதி. நீரிழிவு நோயாளி மருந்துக் கடையில் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீடு இல்லை. மாத்திரை வாங்க இயலாமல் விட்டு, சிறுநீரகம் செயலிழந்த பின்னர் செய்யப்படும் குருதிச் சுத்திகரிப்பிற்குக் காப்பீடு உண்டு. பட்டியலில் உள்ளோரின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இக்குறை அப்படியே பெரிதாகும் என்பது விமர்சகர்களின் கருத்து.

புறநோயாளிச் செலவைச் சேர்ப்பதிலும் சிக்கல் உள்ளது. தொகை சிறியது, எண்ணிக்கையோ மிகப் பெரியது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உரிமைக் கோரிக்கை எழுதிச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு, சிகிச்சைச் செலவையே மிஞ்சக்கூடும். எனவே புறநோயாளிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக மருந்து கொடுப்பதே சிக்கனமான வழி என்று பலர் வாதிடுகின்றனர். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருவது இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சென்றது.

பணத்தை எவ்வழியில் செலவிடுவது

காப்பீட்டை ஆதரிப்போரின் வாதம்: புதிய மருத்துவமனை கட்டி, மருத்துவர்களை நியமிக்கப் பல ஆண்டுகள் ஆகும். தனியாரிடம் ஏற்கனவே உள்ள படுக்கைகளை அரசு விலைக்கு வாங்கினால் ஏழை நோயாளிக்கு உடனே சிகிச்சை கிடைக்கும். அரசு மருத்துவமனையும் தான் செய்த சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெறுவதால் அதன் வருவாயும் உயரும்.

எதிர்ப்போரின் வாதம்: தனியார் மருத்துவமனைகள் நகரங்களில் குவிந்துள்ளன. மருத்துவமனை இல்லாத ஊரில் காப்பீட்டு அட்டையால் பயன் சிறிது. மேலும், அரசு நிர்ணயிக்கும் தொகுப்பு விலை குறைவாக இருந்தால் மருத்துவமனைகள் நோயாளியைத் திருப்பி அனுப்பும் அல்லது அவரிடமே மீதியை வாங்கும். விலை கூடுதலாக இருந்தால் தேவையற்ற அறுவைச் சிகிச்சைகள் பெருகும். திட்டக் குழு அமைத்த, சீனாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலை வல்லுநர் குழு, பொது வரி வருவாயைக் கொண்டே அனைவருக்கும் சேவை வழங்கவும், காப்பீட்டு நிறுவனங்களை இடையில் வைக்காதிருக்கவும் 2011 இல் பரிந்துரைத்தது.

காப்பீட்டு முறைக்குள்ளும் இரு வழிகள் உண்டு. ஒன்றில் அரசு, பிரீமியம் எனப்படும் காப்பீட்டுக் கட்டணத்தை ஒரு நிறுவனத்திற்குச் செலுத்தும். இழப்பும் ஆதாயமும் அந்நிறுவனத்தையே சேரும். மற்றொன்றில் அரசின் அறக்கட்டளையே மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் தரும். ஆதாயப் பங்கு மிச்சமாகும், ஆனால் மோசடியைக் கண்டறியும் பொறுப்பும் அரசையே சேரும். அப்பொறுப்பின் அளவை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023 அறிக்கை உணர்த்தியது. பிரதம மந்திரி திட்டத்தில் ஏறத்தாழ 7.5 இலட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணுடன் பதிவாகியிருந்ததை அது சுட்டிக்காட்டியது.

தாய்லாந்துடன் ஒப்பீடு

தாய்லாந்து 2002 இல், வேறு திட்டங்களில் இல்லாத அனைவரையும் வரிப்பணத்தில் இயங்கும் ஒரே திட்டத்தில் சேர்த்தது. தொடக்கத்தில் ஒருமுறை மருத்துவமனை செல்வதற்கு 30 பாத் மட்டுமே கட்டணம். புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கின. ஒவ்வொருவரும் தம் பகுதி மருத்துவமனையில் பதிவு செய்வர்; புறநோயாளிச் சேவைக்காக அம்மருத்துவமனைக்குத் தலைக்கு இவ்வளவு என ஆண்டுத் தொகை வழங்கப்படும். இதனால் ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கோரிக்கை எழுத வேண்டியதில்லை.

எனினும் தாய்லாந்து இதற்கு முந்தைய பல ஆண்டுகளில் மாவட்ட மருத்துவமனைகளையும் ஊரக நலவாழ்வு நிலையங்களையும் நாடெங்கும் கட்டி முடித்திருந்தது. திட்டம் தொடங்கிய நாளில் மக்கள் செல்வதற்கு ஓர் இடம் இருந்தது. இந்தியாவில் காப்பீட்டு விரிவாக்கமும் அரசு மருத்துவமனைகளை வலுப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, பின்னதில்லாமல் முன்னது நிலைக்காது என்று கூறுவோர் இதனையே சான்றாகக் காட்டுகின்றனர்.